ஒவ்வொருவராக வாருங்கள்: அமெரிக்க லாபக் கல்லூரிகளும் கிளாஸ் ஆர்பிட்ரேஷனும்

லாபக் கல்லூரி என்றால் கம்பெனிகள் லாபத்துக்காக நடத்தும் கல்லூரி. அப்படி ஒன்றான, எவரெஸ்ட் யுனிவர்சிட்டி என்ற பெயரில் இயங்கிய புளோரிடா மெட்ரோபாலிட்டன் யுனிவர்சிட்டியின் சேர்க்கை ஒப்பந்தத்தில் ஒரு பத்தி இருந்தது. சேர்க்கையிலிருந்து கிளம்பும் தகராறு எதுவானாலும், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், நடுவர் முன்னால்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் அந்த விசாரணையை நடத்தும். நீதிமன்றம் தரக்கூடிய எந்த நிவாரணத்தையும் நடுவர் தரலாம். அவ்வளவுதான். ஒரே புகாரோடு ஆயிரம் பேர் வந்து நின்றால் என்ன செய்வது என்பதைப் பற்றி அதில் மூச்சே இல்லை.

அந்த மௌனத்துக்கு என்ன பொருள் என்பதுதான் கிளாஸ் ஆர்பிட்ரேஷன் சண்டையின் கரு. மாணவர் ஏமாற்றப்பட்டாரா, கல்லூரி சொன்ன வேலைவாய்ப்புக் கணக்கு பொய்யா என்ற கேள்விகளுக்கு இந்த வழக்குகள் பெரும்பாலும் வந்து சேர்வதே இல்லை. எந்த அறையில் விசாரிப்பது, ஒரு தடவைக்கு எத்தனை பேரை உள்ளே விடுவது என்பதிலேயே நாலைந்து வருடம் ஓடிவிடும். அதற்குள் கல்லூரியே திவாலாகியிருக்கும்.

முதலில் அடிப்படையைச் சொல்லிவிடலாம். நீதிமன்றத்தில் கிளாஸ் ஆக்‌ஷன் என்றால் ஒருவர் அல்லது சிலர் முன்னால் நிற்பார்கள். அதே பாதிப்புள்ள மற்ற எல்லோரும் அவர்களுக்குப் பின்னால் ஒரே வகுப்பாகச் சேர்க்கப்படுவார்கள். தீர்ப்பு எல்லோரையும் கட்டும். ஆர்பிட்ரேஷன் என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்டு ஒரு தனியார் நடுவரிடம் போவது. கிளாஸ் ஆர்பிட்ரேஷன் இரண்டையும் ஒட்டவைத்த பண்டம்: தனியார் நடுவர், ஆனால் கூட்டு வழக்கு. 2003-ல் கிரீன் ட்ரீ ஃபைனான்ஷியல் வழக்கில், ஒப்பந்தம் கூட்டு விசாரணையை அனுமதிக்கிறதா என்பதை நடுவரே படித்துச் சொல்லட்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் எழுதினார்கள். அந்த வருடம் அக்டோபரிலேயே அமெரிக்க ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் இதற்கென்று துணை விதிகளைப் போட்டுவிட்டது.

அந்த விதிகளின் நடைமுறை நிதானமானது, நீளமானது. முதல் கட்டத்தில் நடுவர் ஷரத்தை மட்டும் படிப்பார்: இது கூட்டு விசாரணைக்கு இடம் கொடுக்கிறதா? அதற்கு ஒரு தனித் தீர்ப்பு. அது வந்ததும் குறைந்தது 30 நாள் எல்லாம் நிற்கும். தோற்றவர் அதற்குள் நீதிமன்றத்துக்குப் போய் ரத்து கேட்கலாம். இரண்டாம் கட்டத்தில் வகுப்பை அங்கீகரிக்கலாமா என்ற விசாரணை: எத்தனை பேர், கேள்விகள் பொதுவானவையா, முன்னால் நிற்பவர் தகுதியானவரா. அதற்கும் ஒரு தீர்ப்பு, மறுபடியும் 30 நாள். அதற்குப் பிறகுதான் வகுப்பில் உள்ளவர்களுக்கு அறிவிப்பு போகும், அசல் புகார் விசாரணைக்கு வரும். தனிநபர் ஆர்பிட்ரேஷனில் எல்லாமே கதவடைத்து நடக்கும். அடுத்த மாணவருக்கு முந்தைய தீர்ப்பு தெரியவே வராது. கூட்டு விசாரணையில் அந்த ரகசியம் கிடையாது என்று விதியே சொல்கிறது; வழக்கு விவரங்களை அசோசியேஷன் பொதுவில் வைக்கும். கல்லூரிகளின் வழக்கறிஞர்களுக்கு இது கசந்ததற்கு இழப்பீட்டுத் தொகை மட்டும் காரணம் இல்லை.

இனி எவரெஸ்ட் வழக்கு. டெக்சஸில் உட்கார்ந்தபடி இணையம் வழியாகப் பாராலீகல், அதாவது வழக்கறிஞருக்கு உதவியாளர், பட்டம் முடித்த ஒரு மாணவர். 50,000 டாலருக்கு மேல் கடன். பட்டத்தைக் கொண்டுபோனால் அங்குள்ள சட்டக் கல்லூரிகள் ஏற்கவில்லை, வேலைக்கு விண்ணப்பித்த காவல் துறையும் ஏற்கவில்லை. வெளிமாநிலக் கல்லூரி டெக்சஸில் இயங்க மாநில உயர்கல்வி வாரியத்தின் சான்று வேண்டும். அது இல்லாமலேயே சேர்க்கை நடத்தினார்கள் என்பது குற்றச்சாட்டு. தன்னைப் போன்ற டெக்சஸ் மாணவர்கள் எல்லோருக்காகவும் அவர் வழக்குப் போட்டார். கல்லூரி ஒப்பந்தத்தை எடுத்து நீட்டியது. நீதிமன்றம் நடுவரிடம் அனுப்பியது. நடுவரோ, இந்த ஷரத்து கூட்டு விசாரணைக்கு இடம் தருகிறது என்று தீர்ப்பளித்தார். மாவட்ட நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இதற்கு நடுவே காலநிலை மாறிவிட்டது. 2010 ஏப்ரலில் ஸ்டோல்ட்-நீல்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம், கூட்டு விசாரணைக்குச் சம்மதித்ததாகச் சொல்ல ஒப்பந்தத்தில் ஏதாவது ஆதாரம் வேண்டும், மௌனத்தைச் சம்மதமாக எடுக்க முடியாது என்றது. அது கப்பல் சரக்குக் கம்பெனிகளின் சண்டை. இரு பக்கமும் விவரம் தெரிந்த வியாபாரிகள். அந்த அளவுகோல்தான் 2012-ல் அந்தப் பாராலீகல் பட்டதாரியின் தலையில் இறங்கியது. ஐந்தாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் நடுவரின் தீர்ப்பை ரத்து செய்தது. வாதம் இப்படிப் போனது: 'எந்தத் தகராறானாலும்' என்ற சொல் ஏறக்குறைய எல்லா ஆர்பிட்ரேஷன் ஷரத்திலும் இருக்கிறது, அதைக் கூட்டு விசாரணைக்கான சம்மதமாகப் படித்தால் மௌனமான ஒப்பந்தம் என்று எதுவும் மிஞ்சாது. 'எந்த நிவாரணமும்' என்பதும் உதவாது, ஏனென்றால் கூட்டு வழக்கு என்பது ஒரு நடைமுறை, நிவாரணம் அல்ல. நடுவர் தன் அதிகாரத்தைத் தாண்டிவிட்டார்.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2013 ஜூன் 10-ல் ஆக்ஸ்ஃபோர்ட் ஹெல்த் பிளான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒரே குரலில் வேறு மாதிரி சொன்னார்கள். அது நியூ ஜெர்சியில் ஒரு குழந்தை மருத்துவர், தனக்குச் சேரவேண்டிய கட்டணத்துக்காகக் காப்பீட்டுக் கம்பெனிமேல் போட்ட வழக்கு. அங்கேயும் ஷரத்தில் கூட்டு விசாரணை பற்றிப் பேச்சில்லை, நடுவரோ அதற்கு இடம் இருக்கிறது என்று படித்தார். நீதிபதி எலீனா கேகன் எழுதிய தீர்ப்பின் சாரம்: நடுவரிடம் ஒப்பந்தத்தைப் படிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள், அவர் படித்தார், தப்பாகவே படித்திருந்தாலும் அது நிற்கும், அதிகாரத்தைத் தாண்டினாரா என்று மட்டும்தான் பார்ப்போம், சரியாகச் செய்தாரா என்று பார்க்க மாட்டோம். அந்தத் தீர்ப்பின் முதல் அடிக்குறிப்பைப் பார்த்தால், மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இதில் பிளவுபட்டிருந்தன என்பதற்கு மறுபக்கத்து உதாரணமாக நிற்பது இந்த எவரெஸ்ட் வழக்குதான். மாணவரின் தோல்வி உச்ச நீதிமன்றத்துக்குப் பிரச்சினையை எடுத்துக் காட்டியது, பலன் மருத்துவருக்குப் போனது. சட்டத்தில் நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எங்களுக்குத் தெரியாது.

ஆக்ஸ்ஃபோர்ட் கொடுத்த ஜன்னலும் சின்னது. ஷரத்தை நடுவர் படிக்கட்டும் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதால்தான் அந்த முடிவு என்று தீர்ப்பே குறித்துவைத்தது. அடுத்த வழக்கறிஞர்கள் யாரும் அந்தத் தவறைச் செய்யவில்லை. 'இதை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்' என்று முதல் நாளே சொல்ல ஆரம்பித்தார்கள். 2019 ஏப்ரலில் லாம்ப்ஸ் பிளஸ் வழக்கில் 5-4 என்று கடைசி ஆணியும் அடிக்கப்பட்டது: மௌனம் மட்டுமல்ல, இரண்டு விதமாகப் படிக்க இடம் தரும் வாசகமும் போதாது. சந்தேகம் வந்தால் எழுதியவருக்கு எதிராகப் படிக்க வேண்டும் என்ற பழைய ஒப்பந்தச் சட்ட விதி இங்கே செல்லாது.

உண்மையில் கல்லூரிகள் 2019 வரை காத்திருக்கவே இல்லை. 2011 ஏப்ரலில் ஏடி அண்ட் டி மொபிலிட்டி வழக்கு வந்தது. 'இலவச' ஃபோனுக்கு 30.22 டாலர் விற்பனை வரி வாங்கியதில் கிளம்பிய சண்டை. கூட்டாக வரும் உரிமையைக் கைவிடச் செய்யும் ஷரத்து, அதாவது கிளாஸ் வேவர், மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று கலிஃபோர்னியா வைத்திருந்த விதியை ஃபெடரல் ஆர்பிட்ரேஷன் சட்டம் தள்ளிவிடுகிறது என்று 5-4 தீர்ப்பு. இரண்டே மாதத்தில், ஜூனில், கொலராடோ ஃபெடரல் நீதிமன்றத்தில் வெஸ்ட்வுட் கல்லூரி மாணவர்களின் வழக்கு அதன்படி நடுவருக்கு அனுப்பப்பட்டது. மௌனமான ஷரத்தை வைத்துச் சூதாடுவானேன்? 'கூட்டாகவோ பிரதிநிதியாகவோ வரக் கூடாது, தன் பெயரில் தனியாக மட்டுமே வரலாம்' என்று ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது. கிளாஸ் ஆர்பிட்ரேஷன் என்ற கேள்வியைப் பெரும்பாலும் கொன்றது அந்த ஒரு வரிதான், தீர்ப்புகள் அல்ல என்பது எங்கள் எண்ணம்.

தனியாகப் போனால் என்ன, போகலாமே என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். கல்லூரி மொத்தமாகவே வேலைவாய்ப்புக் கணக்கைத் திரித்தது என்று நிரூபிக்க, பல வருடப் பதிவேடுகள், விற்பனைப் பேச்சுக்கான எழுத்துவடிவம், பழைய சேர்க்கை ஊழியர்களின் சாட்சியம், ஒரு புள்ளியியல் நிபுணரின் அறிக்கை எல்லாம் வேண்டும். அது ஒரு மாணவருக்கும் அதே செலவு, பத்தாயிரம் மாணவருக்கும் அதே செலவு. இந்த வாதத்தை 2013-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்கில் கடைக்காரர்கள் வைத்துப் பார்த்தார்கள்: நிபுணர் செலவு லட்சக்கணக்கில், தனி ஆளுக்கு அதிகபட்சம் கிடைக்கக்கூடியது மும்மடங்காக்கினாலும் 38,549 டாலர். செலவுக்குக் கட்டாது என்பது ஷரத்தைச் செல்லாததாக்கும் காரணம் அல்ல என்றது உச்ச நீதிமன்றம்.

இதற்குள்ளும் சில சந்துகள் இருக்கின்றன. அடிக்கடி வேலை செய்தவை இரண்டு. ஒன்று, ஷரத்து எழுதப்பட்ட விதம். 2016 ஜூனில் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம், சான்ஃபோர்ட் பிரவுன் இன்ஸ்டிட்யூட்டில் அல்ட்ராசவுண்ட் டெக்னீஷியன் படிப்புக்குச் சேர்ந்தவர்களின் ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை விட்டுக்கொடுக்கிறோம் என்று சாதாரண மாணவருக்குப் புரியும்படி இதில் எங்கும் சொல்லவில்லை, அதனால் செல்லாது என்றது. இரண்டு, ஷரத்தின் அநியாயமான உறுப்புகள். கலிஃபோர்னியாவில் செவிலியர் பட்டத்துக்கான பாடத்திட்டம் வாங்கிய மாணவிகளுக்கு, தகராறை இண்டியானாவுக்கு வந்துதான் தீர்க்க வேண்டும் என்று தாளின் பின்பக்கத்தில் அச்சடித்திருந்தார்கள். 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஷரத்தையே தூக்கியது. தொலைதூர இடம், மாணவருக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்துவிட்டுக் கல்லூரி வசூலுக்கு நீதிமன்றம் போகலாம் என்ற ஒருதலைப்பட்சம், தாங்க முடியாத கட்டணம், சுருக்கப்பட்ட காலக்கெடு: இவைதான் தேடிப் பார்க்க வேண்டியவை.

ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. ஷரத்து செல்லுமா செல்லாதா என்பதையும் நடுவரே முடிவு செய்வார் என்று ஒரு வாக்கியம், ஒப்படைப்பு ஷரத்து, பல ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். 2010-ன் ரென்ட்-எ-சென்டர் தீர்ப்பின்படி, அந்த வாக்கியத்தைக் குறிப்பாகச் சுட்டி எதிர்க்கவில்லை என்றால் வழக்கு நேராக நடுவரிடம் போய்விடும். முழு ஒப்பந்தமும் மோசடி என்று முழங்கிவிட்டு இதைத் தொடாமல் விட்ட மனுக்கள் விழுகின்றன. மேல்முறையீடும் ஒரு பக்கச் சாய்வு கொண்டது: ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்ப மறுத்தால் கல்லூரி உடனே மேல்முறையீடு செய்யலாம், 2023-க்குப் பிறகு அது முடியும்வரை கீழ் நீதிமன்ற வழக்கு நின்றே ஆக வேண்டும். அனுப்பினாலோ, மாணவர் பொதுவாக முடிவுவரை காத்திருக்க வேண்டும். ஒரே ஆறுதல், 2022-ல் வந்த மார்கன் தீர்ப்பு: நீதிமன்றத்தில் மாதக்கணக்கில் வழக்காடிவிட்டு, பிறகு திடீரென்று ஆர்பிட்ரேஷனை நினைவுகூரும் எதிராளி அந்த உரிமையை இழக்கலாம், அதனால் தனக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று மாணவர் காட்ட வேண்டியதில்லை.

இந்த எல்லாச் சந்துகளையும்விடப் பெரிய கதவு வாஷிங்டனில் இருந்தது. லாபக் கல்லூரிகளுக்கு ஃபெடரல் கடன் பணம்தான் உயிர்மூச்சு. அந்தப் பணம் வேண்டும் என்றால் இந்த ஷரத்துகளைப் பயன்படுத்தாதே என்று சொன்னால் போதும், ஃபெடரல் ஆர்பிட்ரேஷன் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 2016 நவம்பர் 1-ல் கல்வித் துறை அதைத்தான் செய்தது: நேரடிக் கடன், அதாவது மாணவருக்கு ஃபெடரல் அரசே தரும் கடன், தொடர்பான புகார்களில் முன்கூட்டிய ஆர்பிட்ரேஷன் ஷரத்தும் கிளாஸ் வேவரும் கூடாது, பழைய ஒப்பந்தங்களில் இருந்தாலும் அவற்றைக் காட்டித் தப்பக் கூடாது, ஆர்பிட்ரேஷன் ஆவணங்களைத் துறையிடம் கொடுக்க வேண்டும். 2017 ஜூலையில் அமலுக்கு வரவேண்டியதை அப்போதைய கல்வி அமைச்சர் பெட்சி டெவோஸின் துறை தள்ளிப்போட்டது. 2018 செப்டம்பரில் வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றம் அந்தத் தள்ளிவைப்பு சட்டவிரோதம் என்றது, அக்டோபரில் விதி உயிர்பெற்றது. 2019-ல் மாற்று விதி எழுதி, தடையை எடுத்துவிட்டு, 'ஷரத்து இருப்பதை எளிய மொழியில் சொன்னால் போதும்' என்று ஆக்கினார்கள். அது 2020 ஜூலை 1 முதல். நாடாளுமன்றம் அதை ரத்து செய்ய ஓட்டுப் போட்டது, அதிபர் டிரம்ப் 2020 மே மாதம் வீட்டோ செய்தார். 2022 நவம்பரில் தடை மறுபடியும் எழுதப்பட்டது. டெக்சஸ் தொழிற்கல்லூரிகளின் சங்கம் அந்த விதித்தொகுப்பை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனது. ஒரு மாணவர் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார், எந்தத் தேதியில் கடன் வாங்கினார் என்று பார்க்காமல் 'தடை உண்டு', 'தடை இல்லை' என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

அந்த விதி உயிரோடிருந்த காலத்தில் அது வெறும் காகிதமாக இல்லை. கிராண்ட் கேன்யன் யுனிவர்சிட்டியின் முனைவர் பட்ட மாணவர் ஒருவர், படிப்பை வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார்கள் என்று போட்ட வழக்கில், 2020 நவம்பரில் பதினொன்றாம் சர்க்யூட் 2016-ன் விதியைப் படித்து, ஒப்பந்த மீறல், பொய்யான வாக்குறுதி ஆகிய புகார்களை ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்ப முடியாது, நீதிமன்றத்திலேயே நடக்கட்டும் என்றது.

மற்றபடி மாணவர்களுக்குப் பெரிய தொகையில் நிவாரணம் கிடைத்த இடங்களைப் பார்த்தால், எல்லாமே ஷரத்தைச் சுற்றிக்கொண்டு போனவை. ஷரத்தில் கையெழுத்துப் போடாதவரை அது கட்டுப்படுத்தாது. மாநில அட்டர்னி ஜெனரல் கையெழுத்துப் போடவில்லை. கலிஃபோர்னியா 2013-ல் எவரெஸ்டின் தாய்க் கம்பெனியான கொரிந்தியன் காலேஜஸ் மேல் வழக்குப் போட்டு 2016-ல் 110 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கியது. கம்பெனி 2015 மே மாதமே திவால் மனு கொடுத்துவிட்டதால் அந்தத் தொகை பெரும்பாலும் காகிதம்தான். கல்வித் துறையும் மாணவரோடு அப்படி ஒரு ஷரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதனால் 2019-ல் கடன்தாரர்கள் கல்லூரியை விட்டுவிட்டு, கடனை ரத்து செய்யக் கேட்ட தங்கள் மனுக்களை முடிவு செய்யாமல் வைத்திருந்த துறையின்மேலேயே கிளாஸ் ஆக்‌ஷன் போட்டார்கள்; 2022 நவம்பரில் சுமார் 600 கோடி டாலர் கடன் நீக்கத்தோடு சமரசம் அங்கீகரிக்கப்பட்டது. அதே வருடம் ஜூனில் கொரிந்தியனில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனைத் துறை தானாகவே நீக்கியது. 2016-ல் மூடப்பட்ட இன்னொரு லாபக் கல்லூரியான ஐடிடி டெக் விஷயத்தில் மாணவர்கள் திவால் நீதிமன்றத்துக்குள் கடன்கொடுத்தோர் வரிசையில் ஒரே வகுப்பாகப் போய் நின்றார்கள். 2018-ல் 150 கோடி டாலர் கோரிக்கை ஏற்கப்பட்டது. கையில் வந்த காசு சொற்பம். கல்லூரி அவர்களிடம் வசூலிக்க வைத்திருந்த 50 கோடி டாலருக்கு மேற்பட்ட பாக்கி அழிந்தது என்பதுதான் உண்மையான லாபம்.

இப்போது கையில் ஒரு சேர்க்கை ஒப்பந்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒப்பந்தம் என்று நினைக்காதீர்கள்: சேர்க்கைப் படிவம், கல்லூரியோடு தவணை ஒப்பந்தம், தனியார் வங்கியின் கடன் பத்திரம், ஒவ்வொன்றிலும் தனித்தனி ஷரத்து இருக்கலாம், ஒன்றுக்கொன்று முரண்படலாம். முரண்பட்டால் எது செல்லும் என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நெவாடாவைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி 2008-ல் மூடப்பட்ட ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி மாணவர்கள் சிக்கியது பள்ளியின் படிவத்தில் அல்ல, வங்கிக் கடன் பத்திரத்தில். அந்தப் பத்திரத்தில் 60 நாளுக்குள் எழுதிக் கொடுத்து ஆர்பிட்ரேஷனிலிருந்து விலகலாம் என்றும் இருந்தது. யாரும் விலகாததே 2013-ல் ஒன்பதாம் சர்க்யூட்டில் அவர்களுக்கு எதிராகப் போனது.

பிறகு நடத்தும் அமைப்பின் பெயரைப் பாருங்கள். அமெரிக்க ஆர்பிட்ரேஷன் அசோசியேஷன் என்றால், அதன் நுகர்வோர் விதிகளில் தனியார் பள்ளிச் சேர்க்கை ஒப்பந்தமும் நுகர்வோர் ஒப்பந்தம் என்று பட்டியலிலேயே இருக்கிறது. ஒப்பந்தம் வணிக விதிகள் என்று சொன்னாலும், நுகர்வோர் விதிகளைக் கேட்டுப் பெற அது ஒரு பிடி. கட்டணத்தில் சிறு பங்குதான் மாணவருடையது, மீதி கல்லூரியுடையது. கல்லூரி தன் ஷரத்தை அசோசியேஷனின் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பதியாமலோ கட்டணம் கட்டாமலோ விட்டால் அசோசியேஷன் வழக்கை நடத்த மறுக்கலாம். அப்போது நீதிமன்றத்துக்குத் திரும்ப வழி பிறக்கும். அந்த மறுப்புக் கடிதம் தங்கம், பத்திரமாக வைக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன கல்வித் துறைத் தடை முழுக்க ஃபெடரல் நேரடிக் கடனைச் சார்ந்தது. சென்னையிலோ கோவையிலோ வங்கியில் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய கடனுக்கு அது பொருந்தாது. மேலே சொன்ன சந்துகள் எதுவும் உதவாவிட்டால், அவர்கள் கையெழுத்துப் போட்ட ஷரத்து எழுதியபடியே நிற்கும். விலகல் கெடு இருந்தால் அது பெரும்பாலும் கையெழுத்துத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கும், வகுப்பு தொடங்கும் நாளிலிருந்து அல்ல. விசாவுக்கும் விமான டிக்கெட்டுக்கும் அலையும் வாரங்களிலேயே அது முடிந்துவிடும். கடிதத்தில் பெயர், மாணவர் எண், ஒப்பந்தத் தேதி, ஆர்பிட்ரேஷன் ஷரத்திலிருந்து விலகுகிறேன் என்ற ஒரு வரி போதும். ஷரத்தில் கொடுத்திருக்கும் முகவரிக்கே, அதில் சொல்லியிருக்கும் முறையிலேயே அனுப்ப வேண்டும். தபால் என்று இருந்தால் மின்னஞ்சல் போதாது. நகலையும் தபால் ரசீதையும் ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பின் போட்டு வையுங்கள்.